சிக்னல் விளக்கு அவதிப்பட்டால்...



இம்மாதம் ஒரு சிறிய விளக்கைப் பற்றி உங்களுடன் பேசப்போகிறேன். ஸ்கூட்டி, ஓட்டோ, கார் எதுவானாலும் திரும்பும்போது நாம் போடுகின்ற சிக்னல் விளக்குத்தான் அது. "இதெல்லாம் கராஜ்காரரின் வேலையல்லவா?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். யாழ்ப்பாணத்து வீதிகளில் ஸ்கூட்டியில் வேலைக்குப் போகும் பெண்களைக் காணாத நாளில்லை. ஓட்டோ ஓட்டிக் குடும்பத்தைத் தாங்கும் பெண்களும் நம்மிடையே இருக்கிறார்கள். வாகனம் நமது வாழ்வாதாரமாகிவிட்ட பிறகு, அது நமக்குச் சொல்ல முயல்வதையும் நாம் விளங்கிக்கொள்ள வேண்டும்.

எங்கள் மகளிர் குழுவொன்றில் ஒரு சகோதரி இருக்கிறார். போரில் கணவரை இழந்தவர். காலையும் மாலையும் பள்ளிக்கூடப் பிள்ளைகளைத் தனது ஓட்டோவில் ஏற்றி இறக்குகிறார். கடந்த கூட்டத்தின்போது அவர் என்னிடம் கேட்டார்:

"வலப்பக்கச் சிக்னல் இப்ப அவதிப்பட்டு அடிக்குது தங்கச்சி. இடப்பக்கம் ஆறுதலாய்த்தான் மினுங்குது. கராஜில கேட்டன். 'அது ஒண்டுமில்லை அக்கா, வேகத்தைக் குறைக்க ஒரு சாமான் போட்டால் சரி' எண்டு சொல்லுறாங்கள். காசைக் குடுத்துப் போடவோ?"

குழுவில் மோட்டார் மெக்கானிக் பயிற்சி பெற்ற இளம் பெண் ஒருவரும் இருந்தார். அவர் ஒன்றும் பேசாமல் வெளியே போய், சிக்னலைப் போடச் சொல்லிவிட்டு ஓட்டோவைச் சுற்றி வந்தார். முன்னால் வலப்பக்க விளக்கு மினுங்கியது. பின்னால் வலப்பக்க விளக்கு எரியவேயில்லை. பல்ப் பழுதாகியிருந்தது.

நிலைமையை யோசித்துப் பாருங்கள். நமது நாட்டில் வாகனங்கள் வீதியின் இடப்பக்கத்தால் செல்கின்றன. ஆகவே வலப்பக்கம் திரும்புவதுதான் ஆபத்தான திருப்பம். எதிரே வருவோரையும் தாண்டவேண்டும். பின்னால் முந்திவருவோருக்கும் அறிவிக்கவேண்டும். அந்தச் சகோதரி சிக்னலைப் போடுகிறார். கண்முன்னே மினுங்கும் சிறு விளக்கைக் கண்டு தான் அறிவித்துவிட்டதாக நம்புகிறார். ஆனால் பின்னால் வரும் பஸ் சாரதிக்கு எந்த அறிவிப்பும் இல்லை. சில நாட்களுக்கு முன்னர் ஒழுங்கையொன்றுக்குள் திரும்பும்போது பஸ் ஒன்று உரசுமாப்போல் கடந்து போனதாகவும், சாரதி ஏசிக்கொண்டு போனதாகவும் பிறகுதான் அவர் நினைவுகூர்ந்தார். அப்போது ஓட்டோவுக்குள் பிள்ளைகள் இருந்தார்கள்.

வேகம் ஏன் மாறுகிறது?

சிக்னலை விட்டுவிட்டு எரியச் செய்வது "பிளாஷர்" என்ற ஒரு சிறிய பெட்டி. பழைய வகைப் பிளாஷருக்குள் இரண்டு உலோகங்கள் ஒட்டிய ஒரு தகடு இருக்கும். விளக்குகளுக்குப் போகும் மின்னோட்டம் அதனைச் சூடாக்க, தகடு வளைந்து தொடுப்பைத் துண்டிக்கும். விளக்கு அணையும். தகடு ஆறியதும் பழையபடி தொடும், விளக்கு எரியும். "டிக், டிக்" என்று நாம் கேட்கும் சத்தம் இதுதான். இந்த வகையில் ஒரு பல்ப் பழுதானால் மின்னோட்டம் குறைந்து, தகடு மெதுவாகவே சூடாகும். எனவே மினுக்கம் மெதுவாகும், அல்லது நின்றேவிடும்.

பிற்காலத்து இலத்திரனியல் பிளாஷர்கள் வேறு விதமானவை. அவை விளக்குகள் எடுக்கும் மின்னோட்டத்தை அளக்கின்றன. ஒரு பல்ப் பழுதாகி மின்னோட்டம் குறைந்தால், மினுக்கத்தை ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகமாக்குகின்றன. இது கோளாறு அல்ல. "ஒரு விளக்கு எரியவில்லை, இறங்கிப் பார்" என்று சாரதியை எச்சரிப்பதற்காக வேண்டுமென்றே இப்படி அமைத்திருக்கிறார்கள்.

அப்படியானால் கராஜில் போடச் சொன்ன "சாமான்" என்ன? அது ஒரு மின்தடை. பழுதான பல்ப் எடுக்கவேண்டிய மின்னோட்டத்தை அது எடுத்துக்கொள்ளும். பிளாஷர் எல்லாம் சரியென்று நம்பி ஆறுதலாக மினுங்கும். பின்விளக்கு மட்டும் இருளிலேயே இருக்கும். எச்சரிக்கைக்கு வாய்ப்பூட்டுப் போட்டுவிட்டு, அதற்குக் காசும் கொடுத்திருப்போம். அந்தச் சகோதரிக்குத் தேவைப்பட்டது ஒரேயொரு புதிய பல்ப் மாத்திரமே.

எல்.ஈ.டி. பல்ப் போடும்போது

பல்ப் பழுதாகாமலும் வேகம் மாறுவதுண்டு. பழைய இழை பல்ப்பை எடுத்துவிட்டு எல்.ஈ.டி. பல்ப் போட்டால் இதுதான் நடக்கும். காரில் ஒரு சாதாரண சிக்னல் பல்ப் 21 வாற். எல்.ஈ.டி. பல்ப்புக்கோ சில வாற்கள் போதும். மின்னோட்டம் இவ்வளவு குறைந்ததும், பல்ப் பழுதாகிவிட்டதென்று பிளாஷர் தப்பாக எண்ணி அவதிப்படத் தொடங்கும்.

இதனைச் சரிசெய்ய இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, முன்னர் சொன்ன மின்தடை. 12 வோல்ற்றில் 6 ஓம் மின்தடையொன்று, விளக்கு எரியும் நேரமெல்லாம் 24 வாற் சக்தியை வெறும் வெப்பமாக வீணாக்கும். பிளாஸ்ரிக்கோடும் வயரோடும் சேர்த்துக் கட்டினால் அவற்றை உருக்கிவிடும். எல்.ஈ.டி. பின்னர் பழுதானாலும் உங்களுக்குத் தெரியவராது. மற்றது, பிளாஷரையே எல்.ஈ.டி.க்கு ஏற்றதாக மாற்றுவது. இதில் மின்னோட்டம் வீணாவதில்லை. இதுவே நல்ல வழி. கடைக்குப் போகும்போது பழைய பிளாஷரையும் கொண்டுபோங்கள். வோல்ற், பின்களின் எண்ணிக்கை, அவற்றின் ஒழுங்கு மூன்றும் பொருந்தவேண்டும். இந்த வகைப் பிளாஷர்கள் பலவற்றில் பல்ப் பழுதானாலும் வேகம் மாறாது. ஆகவே விளக்குகளை நீங்களே அடிக்கடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

வேகத்தைக் கூட்டிக் குறைக்கச் சிறு திருகு வைத்த பிளாஷர்களும் உண்டு. இளைஞர்கள் அழகுக்காக அதனை மிக வேகமாகத் திருகி வைப்பார்கள். ஐக்கிய நாடுகளின் வாகன விதிமுறைகள் நிமிடத்துக்கு 60 முதல் 120 தரம் வரை மினுங்கவேண்டும் என்கின்றன. அதற்குக் காரணமுண்டு. மிக மெதுவானால், பின்னால் வருபவர் பார்க்கும் கணத்தில் விளக்கு அணைந்திருக்கலாம். மிக வேகமானால், இழை பல்ப் முழுதாக ஒளிர முன்னரே அணைந்துவிடும். பகல் வெயிலில் கண்ணுக்குப் புலப்படாது. கைத்தொலைபேசியின் மணிக்கூட்டைப் பார்த்து 15 விநாடிகளுக்கு எண்ணுங்கள். 15க்கும் 30க்கும் இடையில் இருந்தால் சரி.

இது ஆண்களின் விடயமா?

1990இன் பின் பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோலும் பற்றறியும் இல்லாமல் நமது குடாநாடு எப்படி ஓடியது என்பதை மறந்திருக்கமாட்டீர்கள். பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டோம். அந்த டைனமோவைச் சுற்றியவர்களில் பெண்கள் எத்தனைபேர்! ஆயினும், "இயந்திரம் ஆண்களுக்கு, அடுப்பு பெண்களுக்கு" என்ற சமூகமயமாக்கல் இன்னும் நம்மை விட்டுப் போகவில்லை. அதனால்தான் கராஜ் வாசலில் நின்று கேள்வி கேட்க நாம் கூச்சப்படுகிறோம்.

வாகனம் திரும்பப்போவதைப் பின்னால் வருபவருக்கு அறிவிக்கும் கைகாட்டியொன்றை 1914ஆம் ஆண்டளவில் அமைத்தவராகச் சொல்லப்படுபவர், கனடாவில் பிறந்த புளோரன்ஸ் லோரன்ஸ் என்ற திரைப்பட நடிகை. அவர் அதற்குக் காப்புரிமை எடுக்கவில்லை. பலனும் அவருக்குக் கிடைக்கவில்லை. பின்னர் நமது பழைய மொறிஸ் மைனர் கார்களில் கதவோரத்திலிருந்து நீளும் சிறு கையொன்று இருந்தது. 1961இல்தான் அந்தக் காருக்கு மினுங்கும் விளக்கு வந்தது.

இனி, நீங்கள் செய்யக்கூடியவை சில:

காலையில் வண்டியை எடுக்கமுன் இரு பக்கச் சிக்னலையும் போட்டு ஒருமுறை சுற்றிவந்து பாருங்கள். பிள்ளைகளைப் பார்க்கச் சொன்னால் அவர்களும் பழகிக்கொள்வார்கள்.

ஒரு பக்கம் மட்டும் வேகம் மாறினால் அந்தப் பக்கத்துப் பல்ப்பைப் பாருங்கள். கடற்காற்றில் பல்ப் பூட்டும் இடமும் வயர் தொடுப்பும் துருப்பிடிப்பதுண்டு. துருவைச் சுரண்டித் துடைத்தாலே சிலவேளை சரியாகிவிடும்.

இரு பக்கமும் மெதுவானால் பற்றறியைச் சோதியுங்கள்.

புதிய பல்ப், பழையதில் எழுதியிருக்கும் வோல்ற், வாற் அளவிலேயே இருக்கவேண்டும்.

செல் வெடித்துக் காது மந்தமான சகோதரிகளுக்கு அந்த "டிக், டிக்" கேட்காது. அவர்கள் முன்னாலுள்ள சிறு விளக்கு மினுங்கும் வேகத்தைக் கண்ணால் கவனித்துக்கொள்ள வேண்டும்.

வேகத்தைக் குறைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால், "ஏன் கூடியது?" என்று முதலில் கேளுங்கள். விடை கிடைக்காமல் காசைக் கொடுக்காதீர்கள். அந்தக் கேள்வியைக் கேட்கப் படிப்புத் தேவையில்லை. கொஞ்சம் துணிவு போதும். அது உங்களிடம் தாராளமாக இருக்கிறது என்பது எனக்குத் தெரியும்.

அடுத்த மாதம் வேறொரு விடயத்துடன் சந்திப்போம்.