ஆறாவது மைல் அணை நிரம்பினால் ராஜபாளையத்துக்கு ஏன் நிம்மதி?

மலையில் நல்ல மழை பெய்தால் ராஜபாளையத்தில் முதலில் வரும் கேள்வி, "ஆறாவது மைல் நிரம்பிடுச்சா?" என்பதுதான். ஏன் அப்படி?

எங்கே இருக்கிறது?

ராஜபாளையத்துக்கு மேற்கே, அய்யனார் கோவில் ஆற்றை ஒட்டிய மலையடிவாரத்தில் இருக்கிறது இந்த நீர்த்தேக்கம். கிலோமீட்டர் கணக்கு வந்து 60 வருஷம் தாண்டிவிட்டது. ஆனால் பெயர் மட்டும் இன்னும் மைலிலேயே நிற்கிறது. மழைக்காலத்தில் வரும் ஆற்று நீரைப் பிடித்து வைத்து, கோடையில் நகருக்குக் கொடுப்பதுதான் இதன் வேலை.

சிக்கல் என்ன?

இந்த ஆறு வருஷம் முழுக்க ஓடாது. தென்மேற்குப் பருவமழையை மலை பெரும்பாலும் மறைத்துவிடும். இங்கே முக்கிய மழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்வதுதான். அது ஏமாற்றினால் அடுத்த கோடை திண்டாட்டம்தான்.

இன்னொரு பக்கம் ஊர் வளர்ந்துவிட்டது. 1930களில் பஞ்சாலை வந்தது, கூடவே மக்களும் பெருகினார்கள். 2011 கணக்கெடுப்பின்படி நகர மக்கள்தொகை சுமார் 1.3 லட்சம். பாதாள சாக்கடை உள்ள நகரங்களில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது மத்திய அரசின் அளவுகோல். அப்படிப் பார்த்தால் தினமும் சுமார் 1.75 கோடி லிட்டர் வேண்டும். மலையடிவாரத்தில் உள்ள ஒரு சிறு தேக்கம் மட்டும் எப்படித் தாங்கும்?

அதான் தாமிரபரணி வந்துடுச்சே?

உண்மைதான். கூட்டுக் குடிநீர்த் திட்டம் மூலம் நெல்லைப் பக்கமிருந்து தண்ணீர் வருகிறது. ஆனால் நீண்ட தூரக் குழாயில் ஓரிடத்தில் உடைந்தாலும், மோட்டாருக்கு கரண்ட் போனாலும் சப்ளை நின்றுவிடும். நெல்லை, தூத்துக்குடி விவசாயமும் அதே ஆற்றைத்தான் நம்பியிருக்கிறது. அப்படிப்பட்ட நாட்களில் கை கொடுப்பது பக்கத்தில் இருக்கும் தேக்கம்தான்.

காட்டுக்கும் குழாய்க்கும் என்ன சம்பந்தம்?

காடு மழைநீரை மண்ணில் இறக்கி, மெதுவாக ஓடையில் விடுகிறது. மரம் போனால் வெள்ளம் ஒரே நாளில் ஓடிவிடும், கூடவே வரும் மண் தேக்கத்தை மேடாக்கும். 1988-ல் சாம்பல் நிற அணில் சரணாலயம், 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் என இந்த மலைக்குப் பாதுகாப்பு கிடைத்தது. அது புலிக்கும் அணிலுக்கும் மட்டுமல்ல, நம் வீட்டுக் குடத்துக்கும் சேர்த்துத்தான். செண்பகத்தோப்பு மலையடிவாரத்தை நம்பியுள்ள ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இதே கதைதான்.

ஆக, தாமிரபரணி வந்துவிட்டது என்று ஆறாவது மைலை மறந்துவிட முடியாது. தேக்கம் வற்றும் கோடையில் தூர் வாருவதும், மேலே காட்டைக் காப்பதும்தான் அடுத்த வருஷக் குடிநீருக்கான வழி.