தொண்ணூற்றைந்தில் ஒரு நடுக்கம்

இரண்டு வாரமாக என் காருக்கு ஒரு வியாதி. சுங்கைப்பட்டாணியில் டோலைக் கடந்து பினாங்கு பக்கம் போகும்போது 80 வரை ஒன்றும் தெரியாது. 90-ஐத் தொட்டதும் ஸ்டியரிங் கையில் நடுங்கத் தொடங்கும். 95-இல் டேஷ்போர்டுப் பிள்ளையாரும் சேர்ந்து ஆடுவார். அதையும் தாண்டி 110-க்கு வந்துவிட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

அலுவலக நண்பர் ஒருவர் வைத்தியம் சொன்னார்: "மிதிச்சுக்கிட்டுப் போங்க, தன்னால நின்னுடும்." நின்றது. அதனால் இரண்டு வாரமும் மிதித்துக்கொண்டே போனேன். மனைவி கேட்டபோது ரோடு சரியில்லை என்று சொல்லிவைத்தேன்.

போன சனிக்கிழமை அப்பா முன்சீட்டில் இருந்தார், பின்னால் பிள்ளைகள். நடுக்கம் வந்ததும் அப்பா டேஷ்போர்டில் உள்ளங்கையை வைத்தார். நான் வழக்கம்போல் மிதித்தேன். அடங்கியது. அவர் கையை எடுக்கவில்லை.

"எத்தனை நாளா இப்படி?"

"ரெண்டு வாரம் இருக்கும்பா. வேகம் போனா சரியாயிடுது."

"சரியாகல. உனக்குத் தெரியாமப் போயிடுது, அவ்வளவுதான்."

திரும்பும் வழியில் திகாம் பத்துவில் ஒரு டயர் கடை முன்னால் நிறுத்தச் சொன்னார்.

கடைத் தம்பி இடது முன்சக்கரத்தைக் கழற்றி பேலன்ஸிங் மெஷினில் மாட்டிச் சுற்றவிட்டார். திரையில் இரண்டு எண்கள் வந்தன: உள்பக்கம் 35 கிராம், வெளிப்பக்கம் 20 கிராம். ரிம்மின் உள்ளே பழைய எடைக்கட்டி ஒட்டியிருந்த பசைத் தடம் மட்டும் இருந்தது. ஏதோ ஒரு குழியில் விழுந்தபோது கழன்றிருக்க வேண்டும். "டயரைத் தடவிப் பாருங்க அண்ணே" என்றார் தம்பி. தடவினேன். ஓரிடம் மேடு, ஓரிடம் பள்ளம். இரண்டு வார வைத்தியத்தின் பலன் அது.

இருபது கிராம் என்ன செய்துவிடும் என்று கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். கடை பெஞ்சில் உட்கார்ந்து கைப்பேசியில் கணக்குப் போட்டேன். என் ரிம் 15 அங்குலம். அந்த 20 கிராம் மையத்திலிருந்து 19 சென்டிமீட்டர் தள்ளிச் சுற்றுகிறது. வண்டி 110-இல் ஓடும்போது சக்கரம் நொடிக்கு 16 தடவை சுற்றும். அந்த வேகத்தில் 20 கிராம் வெளிப்பக்கம் இழுக்கும் இழுப்பு, ஏறக்குறைய 4 கிலோ எடைக்குச் சமம். 4 கிலோ சுத்தியல் ஒன்று நொடிக்கு 16 முறை மேலும் கீழும் முன்னும் பின்னும் இழுப்பதுபோல. பாதி வேகத்தில், அதாவது 55-இல், இழுப்பு பாதியாவதில்லை. கால்வாசிதான், 1 கிலோ. வேகம் இரு மடங்கானால் இந்த இழுப்பு நான்கு மடங்கு. டவுனுக்குள் ஓட்டும்போது வண்டி நல்லபிள்ளையாக இருந்த காரணம் இதுதான்.

(இதை மையவிலக்கு விசை என்று எழுதினால் என் பழைய பௌதிக ஆசிரியர் கோடு போடுவார். வெளியே நின்று பார்ப்பவருக்கு, ரிம்தான் கட்டியை உள்பக்கம் இழுத்து வட்டத்தில் வைத்திருக்கிறது. அதற்குப் பதிலாகக் கட்டி ரிம்மை வெளிப்பக்கம் இழுக்கிறது. சக்கரத்துக்கு இந்தத் தர்க்கம் தெரியாது, அது ஆடுகிறது.)

எண் ஏன் இரண்டு? சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திச் சக்கரத்தைச் சுற்றிவிட்டால், கனமான பக்கம் கடைசியில் கீழே வந்து நிற்கும். பெரும்பாலும் காற்றடிக்கும் வால்வு உள்ள பக்கம். அது ஒரு வகைக் குறை. நிற்கும் சக்கரத்திலேயே தெரிந்துவிடும். ஆனால் கார் சக்கரத்துக்கு அகலம் உண்டு. உள்பக்கம் மேலே கொஞ்சம் கனம், வெளிப்பக்கம் கீழே அதே அளவு கனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிற்கும்போது தராசுபோல் சமமாக இருக்கும். சுற்றினால்தான் இரண்டும் எதிரெதிராக இழுத்துச் சக்கரத்தை இடம் வலமாகக் கோணவைக்கும். அந்தக் குறை ஓடினால்தான் வெளியே வரும். அதற்காகத்தான் மெஷின் சுற்றிப் பார்க்கிறது.

அப்பாவுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? அவர் பள்ளியில் பௌதிகம் படித்தவர் இல்லை. தோட்டத்தில் பால்வெட்டில் தொடங்கி, பிறகு பால் பேக்டரியில் மெஷின் பார்த்தவர்.

மரத்திலிருந்து வரும் பாலில் ரப்பர் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். மீதி பெரும்பாலும் தண்ணீர். கையுறை செய்ய அது 60 சதவீதமாக வேண்டும். அதற்குத்தான் சென்ட்ரிபியூஜ். பவுல் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் சுற்றும்போது கனமான தண்ணீர் வெளிப்பக்கம் ஒதுங்கும், இலேசான ரப்பர் நடுவுக்கு வரும். மாட்டுப் பாலில் ஆடை எடுப்பதும் இதே வேலைதான். சுவீடனின் குஸ்தாப் தெ லாவால் 1878-இல் செய்த ஆடை பிரிக்கும் இயந்திரத்தின் வழிவந்ததுதான் இதுவும். நம் ஆட்கள் இரண்டையுமே பால் என்று சொல்வது பொருத்தம்தான்.

ஆனால் பவுலின் கணக்கு கார் சக்கரக் கணக்கு இல்லை. நிமிடத்துக்கு 6,000 சுற்று, மையத்திலிருந்து 20 சென்டிமீட்டர் தூரம் என்றால் ஒரே ஒரு கிராம் 8 கிலோவாக இழுக்கும். அதனால் பவுலும் மூடியும் உள்ளே அடுக்கும் தட்டுகளும் ஒரே ஜோடியாகச் சமன் பார்த்து நம்பர் போட்டு வரும். சில மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி, படிந்த அழுக்கைக் கழுவி, நம்பர் பார்த்து மறுபடி மாட்ட வேண்டும்.

"ஏறும்போது ஒரு நடுக்கம் வரும். அது வழக்கம். தாண்டிட்டா பம்பரம் தூங்குற மாதிரி நிக்கும்" என்றார் அப்பா. "ஒரு நைட் ஷிப்ட்ல தாண்டுன பிறகும் நிக்கல. தரையில கால் வழியா தெரிஞ்சது. சுவிட்ச நிறுத்திட்டு எல்லாரையும் வெளிய அனுப்பினேன். நின்னதும் திறந்து பார்த்தா, பக்கத்து மெஷின் மூடி."

கழுவும் தொட்டியில் இரண்டு மூடிகள் மாறிப் போயிருந்தன. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நிறுத்தாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன். "அத்தனை கனமுள்ள இரும்பு அந்த வேகத்துல கழண்டா செவுரு தாங்காது" என்றார்.

'தாண்டுவது' என்று அப்பா சொன்னதற்குப் பின்னால் பெரிய வழக்கே இருக்கிறது. ஒவ்வொரு தண்டுக்கும் தனக்கென்று ஒரு ஆட்டம் உண்டு. சுற்றும் வேகம் அதோடு ஒத்துப்போனால் நடுக்கம் பெருகும். அந்த வேகத்துக்கு மேல் எந்தத் தண்டும் நிலையாகச் சுற்றாது என்று 1869-இல் ராங்கின் என்ற பெரிய பொறியியல் அறிஞர் எழுதினார். இருபது ஆண்டு கழித்து, அதே தெ லாவால் தன் நீராவி டர்பைனுக்கு வேண்டுமென்றே வளையக்கூடிய மெல்லிய தண்டைப் போட்டு, அந்த வேகத்தைக் கடந்து ஓட்டிக் காட்டினார். கடந்த பிறகு சுழலும் பொருள், நாம் துளை போட்ட நடுவை விட்டுவிட்டுத் தன் எடையின் உண்மையான நடுவைப் பற்றிச் சுற்றத் தொடங்குகிறது, அதனால் அமைதி. இதற்குத் தெளிவான கணக்கு விளக்கத்தை ஜெப்காட் 1919-இல்தான் எழுதினார்.

என் காரும் அதைத்தான் செய்தது. 95-இல் சஸ்பென்ஷனின் சொந்த ஆட்டமும் சக்கரத்தின் இழுப்பும் ஒத்துப்போயின. 110-இல் ஒத்துப்போகவில்லை, கைக்கு நடுக்கம் வரவில்லை. ஆனால் இழுப்பு 3 கிலோவிலிருந்து 4 கிலோவாகக் கூடியிருந்தது. பேரிங்கும் டயரும் அதைச் சத்தமில்லாமல் வாங்கிக்கொண்டன. பவுலுக்கு அப்படிக் கடந்து ஓட ஸ்பிரிங் வைத்த பேரிங் உண்டு, சமன் பார்த்த பாகங்கள் உண்டு. என் காரில் இருந்தது என் வலது கால் மட்டும்.

நான்கு சக்கரத்துக்கும் பேலன்ஸிங் முடிந்தது. செலவு, நாங்கள் ஐந்து பேரும் ஒருவேளை வெளியில் சாப்பிடும் காசைவிடக் குறைவு. ஸ்டியரிங் நடுங்கினால் முன்சக்கரம், சீட் நடுங்கினால் பின்சக்கரம், பிரேக் பிடிக்கும்போது மட்டும் நடுங்கினால் டிஸ்க்கைப் பாருங்கள் என்று தம்பி சொன்னார். பேலன்ஸ் செய்தும் நிற்காவிட்டால் பால்ஜாயிண்ட் தேய்ந்திருக்கலாம், அதைத் தள்ளிப்போடாதீர்கள் என்றும் சொன்னார்.

மறுபடி நெடுஞ்சாலையில் ஏறினோம். 90, 95, 100. பிள்ளையார் அசையவில்லை. அப்பா மட்டும் டேஷ்போர்டில் கை வைத்தபடியே வந்தார்.

"சரியாயிடுச்சுப்பா" என்றேன்.

"ம், ம். ஓட்டு" என்றார். கையை டோல் வரை எடுக்கவில்லை.