மகளோட அரியரும் என் பயிர்க்கடனும்

போன வாரம் வரப்புல நிக்கிறப்ப மகளோட காலேஜ்ல இருந்து போனுக்கு மெசேஜ் வந்துச்சு. எழுத்து சின்னதா இருந்ததால பக்கத்து வயல்காரர்கிட்ட நீட்டினேன். "ரெண்டு பாடத்துல அரியர்"னு சத்தமா வாசிச்சார். பொழுது சாயறதுக்குள்ள டீக்கடை வரைக்கும் தெரிஞ்சு போச்சு.

ராத்திரி மகள் போன்ல அழுதா. "நானே சொல்லியிருப்பேன்லப்பா."

ஃபீஸ் கட்டுறவனுக்குத் தெரிய வேண்டாமான்னு முதல்ல கோபம்தான் வந்துச்சு. அப்புறம் யோசிச்சேன். கூட்டுறவு சங்கத்துல என் பயிர்க்கடன் பாக்கி இருக்கு. அந்தக் கணக்கை அவ போனுக்கு அனுப்பினா எனக்கு எப்படி இருக்கும்?

18 வயசானா ஓட்டுரிமை உண்டு. 2023-ல வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 18 வயசுக்குக் கீழே உள்ளவங்களுக்குத்தான் பெற்றோர் சம்மதம் கேட்குது. என் மகளுக்கு 19.

பிள்ளை பல நாளா வகுப்புக்கே வரலைன்னா, உடம்பு முடியலைன்னா உடனே சொல்லுங்க, ஓடி வர்றோம். மார்க் விவரத்தை மட்டும் அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு அனுப்புங்க. மகள் படிப்பை மகள் வாயால கேட்கத்தான் எனக்கு ஆசை. பயந்து மறைக்கிற பிள்ளையை எந்த மெசேஜும் திருத்தாது.

உங்க வீட்டுல எப்படி?