மின்பட்டியலும் ஒரு நாட்பேரும்

மாதம் 30 அலகு மின்சாரம் பாவிக்கும் ஒரு லயக் காம்பராவை எடுத்துக்கொள்வோம். 2022 ஆகஸ்டுக்கு முன் அதன் மின்பட்டியல் 105 ரூபா. அந்த ஆகஸ்டில் அது 360 ரூபாவாகியது. 2023 பெப்ரவரியில் 1,300 ரூபா. அன்று தோட்டத்து நாட்சம்பளம் 1,000 ரூபா. விளக்குக்கும் தொலைக்காட்சிக்கும் ஒரு நாட்பேர் போதவில்லை.

அதன்பின் கட்டணம் பலமுறை குறைந்தும் கூடியும் வந்துள்ளது. ஆயினும் பெரிய பட்டியல் வந்தால் 'நம் தலைவிதி' என்றே இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் நாம் சொல்லிக்கொள்கிறோம். இது விதியல்ல, கணக்கு.

மாதப் பாவனை 60 அலகைத் தாண்டினால், தாண்டிய அலகுக்கு மட்டுமல்ல, முதல் அலகிலிருந்தே கூடிய விலை அறவிடப்படும். நிலையான கட்டணமும் உயரும். எனவே ஒரே மின்மானியில் இரண்டு மூன்று குடும்பங்கள் பாவிக்கும் இடங்களில், எவரும் வீணாக்காமலேயே எல்லோரும் கூடிய விலை செலுத்துகின்றனர். ஏழைகளுக்கான சலுகை ஏழைகளுக்கே கிட்டாமற் போகிறது. வீட்டுக்கொரு மின்மானி என்பது ஆடம்பரமல்ல, நியாயமான உரிமை. தோட்ட நிர்வாகமும் தொழிற்சங்கங்களும் மின் விநியோக நிறுவனமும் இதைத் தட்டிக்கழிக்கலாகாது.

நாமும் சும்மா இருக்கலாகாது. மாதந்தோறும் மின்மானியின் இலக்கத்தைக் கொப்பியில் குறிப்போம். சென்ற மாத இலக்கத்தைக் கழித்து, பட்டியலோடு ஒப்பிடுவோம். பிழையிருந்தால் பிரதேச மின்சார அலுவலகத்துக்கு எழுத்தில் அறிவித்து, பிரதியொன்றை வைத்துக்கொள்வோம். தீர்வு கிடைக்காவிடில் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவிடம் முறையிடுவோம். எழுதத் தெரியாத அயலவருக்கு, படித்த நம் பிள்ளைகள் எழுதிக் கொடுக்கட்டும்.

கொழுந்தின் நிறையைக் கண்காணிக்கத் தெரிந்த நமக்கு மின்மானியையும் கண்காணிக்க முடியும்.