தெருவில் நின்று பார்த்தவர்

ஸ்கேன் படத்தைப் பார்த்துவிட்டு, "கண்ணு நல்லா இருக்கு" என்றார் மருத்துவர். பெரியப்பாவின் வலது கட்டைவிரல் மடியில் தானாக உருண்டுகொண்டிருந்ததை அவர் பார்க்கவே இல்லை. திரையை விட்டு நோயாளியின் பக்கம் திரும்பாத மருத்துவர்களைப் பற்றி இங்கே எத்தனை முறை எழுதியிருப்பேன்! இந்த வாரமும் அதே ஆற்றாமைதான்.

இத்தனைக்கும் விழித்திரையின் அடுக்குகளைப் படமெடுக்கும் அந்த ஓ.சி.டி. ஸ்கேன்மீது எனக்குப் பெருமதிப்பு உண்டு. லண்டன் மூர்ஃபீல்ட்ஸ் கண் மருத்துவமனை ஆய்வாளர்கள் 2023இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். விரலை அப்படி உருளவைக்கும் பார்க்கின்சன் நோய் உள்ளவர்களின் விழித்திரையில் இரண்டு உள்ளடுக்குகள் மெலிந்திருக்கின்றன. நோய் தெரியவருவதற்குச் சராசரியாக ஏழாண்டு முன்பு எடுத்த படங்களிலேயே அந்த மெலிவு தென்பட்டது. அந்த நோயில் மூளையில் அழியும் டோபமைன் செல்கள் விழித்திரையிலும் உண்டு. ஆனால் அந்த முடிவு பலருடைய படங்களைச் சேர்த்துப் பார்த்துச் சொன்னது. தனியொருவருக்கு நோய் வருமா என்று ஒரு படம் இன்னும் சொல்லிவிடாது.

மூர்ஃபீல்ட்ஸிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருக்கிறது ஹாக்ஸ்டன். ஜேம்ஸ் பார்க்கின்சன் வாழ்ந்து வைத்தியம் பார்த்த இடம். 1817இல், தம் 62ஆம் வயதில், பின்னர் தம் பெயரையே பெற்ற நடுக்குவாதம் பற்றி அவர் எழுதிய சிறு நூலை நான் எத்தனை முறை படித்தாலும் அலுப்பதில்லை. அதில் வருகிறவர்கள் ஆறே பேர். இருவரைத் தெருவில் கண்டு, நிறுத்தி விசாரித்தார். அவர்களில் ஒருவர் பழைய மாலுமி. ஸ்பெயின் சிறையின் ஈரத்தரையில் மாதக்கணக்கில் படுத்துக் கிடந்ததால் வந்த நோய் என்று நம்பியவர். இவர்களைத் தவிர வேறொருவரைத் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி. அவரால் நடக்க முடியாது, ஓடத்தான் முடியும். உதவியாள் எதிரே நின்று இரு தோள்களையும் பிடித்துக்கொள்வார். உடல் நிலைகொண்டதும் இவர் குரல் கொடுப்பார். உதவியாள் சட்டென விலகி, விழுந்தால் தாங்க முன்னே ஓடுவார்.

ஸ்கேன் கிடையாது, ஸ்டெதாஸ்கோப்கூட அப்போதுதான் பிறந்துகொண்டிருந்தது. நின்று பார்த்தார், அக்கறையோடு கேட்டார். அவ்வளவில் ஒரு நோய் பிடிபட்டது.

திரும்பும்போது பஸ்ஸில் சில்லறை எடுக்கத் தடுமாறினார் பெரியப்பா. கண்டக்டர் சற்று நேரம் அந்தக் கையையே பார்த்தார். டிக்கெட்டைக் கிழித்து பெரியப்பாவின் சட்டைப்பையில் தானே செருகிவிட்டு, "இந்த நடுக்கம் எத்தனை நாளா இருக்குய்யா?" என்று கேட்டார்.

திங்கட்கிழமை நரம்பியல் மருத்துவரைப் பார்க்கப் போகிறோம்.