ரொட்டிக்கு நடுவே வெண்ணெய்

சாண்ட்விச் என்ற பெயர், 18-ம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் வாழ்ந்த சாண்ட்விச் பிரபுவின் பெயரிலிருந்து வந்தது. பிரபுவுக்கு என்ன, நடுவில் மாமிசத்தை வைத்துத் தட்டில் நீட்ட ஆள் இருந்தது! எங்கள் திருமானூரில் நான் சிறுமியாக இருந்தபோது அந்தப் பெயரே யாருக்கும் தெரியாது. "ரொட்டிக்கு நடுவுல வெண்ண" என்றுதான் சொல்வோம். அதுவும் வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்தால்தான்.

சகோதரிகளே, உங்களில் பலர் வீட்டிலும் இப்படித்தான் இருந்திருக்கும். ரொட்டி என்றாலே நோயாளிச் சாப்பாடு. ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போகிறவர்கள் ஹார்லிக்ஸ் பாட்டில், சாத்துக்குடி, ஒரு ரொட்டி என்று கையில் பிடித்துக்கொண்டு போவார்கள். நல்லா இருக்கிற மனுஷன் ரொட்டியோடு பஸ்ஸை விட்டு இறங்கினால், "யாருக்கு ஒடம்பு சரியில்ல?" என்று தெருவே விசாரிக்கும்.

நான் சொல்வது 1980-களின் கடைசி. அப்போது எங்கள் ஊர் திருச்சி ஜில்லா. 1995-ல் பெரம்பலூர் ஜில்லா ஆனோம், 2007-ல் அரியலூர் ஜில்லா. விலாசம்தான் மாறியதே தவிர, ஊர் அதே கொள்ளிடக் கரையில்தான் இருக்கிறது. பாலத்தைத் தாண்டித் திருவையாற்றுக்கோ தஞ்சாவூருக்கோ போனால்தான் நல்ல ரொட்டி. துண்டு போட்ட ரொட்டி அமெரிக்காவில் 1928-லேயே விற்பனைக்கு வந்துவிட்டதாம். மத்திய அரசு 1965-ல் ஆரம்பித்த மாடர்ன் பேக்கரி ரொட்டியும் பட்டணங்களில் துண்டு போட்டே கிடைத்தது. எங்கள் அப்பா வாங்கி வருவது என்னவோ முழு ரொட்டிதான்.

அண்ணனுக்கு டைபாய்டு வந்த வருஷம் மூன்று வாரம் வீட்டில் ரொட்டி இருந்தது. அம்மா வந்த அன்றைக்கே அதை அறுக்க மாட்டாள். புது ரொட்டி அரிவாள்மனையில் நசுங்கிவிடும். மறுநாள் சற்று இறுகியதும் ஒரே கனமாகத் துண்டு போடுவாள். எண்ணி வைப்பாள். அண்ணனுக்குப் பாலில் தோய்த்த துண்டு. மற்ற நாலு பேருக்கும் வாசனை மட்டும்தான்! அண்ணன் எழுந்து உட்கார்ந்து, ரசஞ்சாதம் சாப்பிடலாம் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் மிச்ச ரொட்டி எங்கள் பக்கம் வந்தது.

அதை அம்மா செய்த விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது. அன்று கடைந்த வெண்ணெயைக் குளிர்ந்த தண்ணீரில் இரண்டு தரம் அலசி, உள்ளங்கையால் அழுத்தி, மோரையும் தண்ணீரையும் சுத்தமாக வெளியேற்றுவாள். தண்ணீர் நின்ற வெண்ணெய் ரொட்டியைச் சொதசொதவென்று ஆக்கிவிடும். இரண்டு துண்டிலும் ஓரம் வரை தடவி, ஒன்றின் மேல் சீனியைத் தூவி, மற்றதைக் கவிழ்த்து, மூலைக்கு மூலை குறுக்கே வெட்டுவாள். உடனே சாப்பிட வேண்டும். சீனி கரைவதற்குள் பல்லில் நறநறவென்று பட வேண்டும். ஆளுக்கு ஒரு முக்கோணம். ஒரு ரொட்டி அதற்குமேல் எங்கே வரும்?

இன்றைக்கு எல்லாப் பெட்டிக்கடையிலும் ரொட்டி தொங்குகிறது. ஆனால் பள்ளிக்கூட டப்பாவில் மத்தியானம் திறந்து பார்த்தால் ஈரத் துணி மாதிரி இருக்கிறது என்று குழந்தைகள் அப்படியே திருப்பிக்கொண்டு வருகிறார்கள். அம்மா செய்ததில்தான் இதற்கு வழி இருக்கிறது. வெண்ணெய் ருசிக்கு மட்டும் அல்ல. கொழுப்பு தண்ணீரை உள்ளே விடாது. நடுவில் மட்டும் ஒரு பொட்டு வைத்தால் பிரயோஜனமில்லை, நாலு ஓரமும் மூட வேண்டும். வெள்ளரிக்காயை வட்டமாக நறுக்கினால் உப்பு தூவிப் பத்து நிமிஷம் வைத்து, விட்ட தண்ணீரை ஒற்றி எடுத்துவிடுங்கள். தக்காளியில் விதையும் சாறும் வேண்டாம், சதை போதும். பச்சை வெங்காயத்தை வீட்டிலேயே சாப்பிடுவதற்கு வைத்துக்கொள்ளுங்கள். டப்பாவில் வைத்தால் வகுப்பே மூக்கைப் பிடிக்கும்!

சட்னி விஷயம் முக்கியம். பம்பாயில் தெருவோரம் விற்கும் சாண்ட்விச்சுக்குப் பெயரே அந்தப் பச்சைச் சட்னியால்தான். நம் வீட்டில் ஒரு பிடி கொத்துமல்லி, கொஞ்சம் புதினா, இரண்டு பச்சை மிளகாய், சிறு துண்டு இஞ்சி, உப்பு, இவற்றோடு இரண்டு ஸ்பூன் பொட்டுக்கடலை போட்டு, தண்ணீருக்குப் பதில் எலுமிச்சைச் சாறு விட்டுக் கெட்டியாக அரைத்தால் போதும். பொட்டுக்கடலை ஈரத்தை இழுத்துக்கொள்ளும். தேங்காய் சேர்த்தால் நம்ம ஊர் வெயிலில் மத்தியானத்துக்குள் ஊசிவிடும்.

என் மகள் மயோனைஸ் இல்லாமல் சாண்ட்விச்சா என்பாள். பச்சை முட்டையில் செய்யும் மயோனைசில் விஷக்கிருமி வளர இடமுண்டு என்று தமிழக அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை போட்டதை எடுத்துச் சொன்னேன். புளிக்காத தயிரை மெல்லிய துணியில் கட்டி, ஃபிரிட்ஜில் ஒரு ராத்திரி வடியவிட்டு, மிளகுத்தூளும் உப்பும் கலந்து தடவிக் கொடுத்தேன். "பரவால்லம்மா" என்றாள். அவள் வாயில் அது பெரிய பாராட்டு.

ரொட்டியை ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைக்காதீர்கள், சீக்கிரம் விறைத்துப் போகும். இரண்டு நாளில் தீர்ந்துவிடும் என்றால் வெளியிலேயே இருக்கட்டும். இல்லாவிட்டால் ஐஸ் தட்டுக்குப் பக்கத்தில் உறைய வைத்து, வேண்டியதை எடுத்து தோசைக்கல்லில் வாட்டலாம். பூசணம் ஒரு துண்டில் தெரிந்தாலும் முழுப் பாக்கெட்டையும் போட்டுவிடுங்கள். அதன் நூல் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே ஓடியிருக்கும். நிறம் பழுப்பாக இருக்கிறது என்பதற்காகக் கோதுமை ரொட்டி என்று நம்பவும் வேண்டாம். மைதாவில் கேரமல் நிறம் கலந்ததும் பழுப்புதான். பாக்கெட்டின் பின்னால் முதலில் எழுதியிருப்பது கோதுமை மாவா மைதாவா என்று பாருங்கள்.

இதையெல்லாம் நான் கவனித்துப் பார்க்கக் காரணம் அம்மாதான். இப்போது என்னோடு இருக்கிறாள். வயது எழுபதுக்கு மேல், சர்க்கரை வியாதி வந்து பன்னிரண்டு வருஷமாகிறது. போன மாசம் ஒரு நாள், "எனக்கு வெண்ண தடவி, சீனி போட்டு ஒரு ரொட்டி குடேன்டி" என்றாள். "என்னம்மா திடீர்னு?" என்றேன். "திடீர்னு என்ன? அன்னிக்கு உங்களுக்கெல்லாம் பங்கு போட்டேன். எனக்கு ஓரம்கூட நிக்கல. அது எப்படி இருக்கும்னே எனக்குத் தெரியாது" என்றாள்.

நாங்கள் ஐந்து பேரும் அவளைச் சுற்றி உட்கார்ந்து தின்றோமே, அவள் கை அவள் வாய்க்குப் போனதா என்று எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை.

டாக்டரிடம் கேட்டேன். சீனி வேண்டாம், இரண்டு துண்டு ரொட்டி கொடுத்தால் அந்த வேளை இட்லியைக் குறைத்துவிட வேண்டும், இட்லிக்கு மேலே ரொட்டி கூடாது என்றார். இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் கோதுமை ரொட்டி இரண்டு துண்டு, ஓரம் வரை மெல்லிசாக வெண்ணெய், பச்சைச் சட்னி, வேகவைத்த முட்டையை மிளகோடு மசித்து நடுவில். இட்லி கிடையாது. மூலைக்கு மூலை வெட்டி இரண்டு முக்கோணமும் அவள் தட்டிலேயே வைக்கிறேன். முதல் வாரம் ஒன்றை எடுத்துக்கொண்டு, மற்றதை என் மகள் பக்கம் தள்ளினாள். திரும்ப அவள் தட்டிலேயே வைத்தேன்.

"சீனி போட்டா இன்னும் நல்லா இருக்கும் போல" என்றாள். இரண்டையும் சாப்பிட்டாள்.