'குணம்' என்று எழுதிவிட்டால் மூச்சு வந்துவிடுமா?



காசநோய் கண்ட பால்வெட்டுத் தொழிலாளி ஆறு மாதம் தவறாமல் மருந்து உண்கிறார். சளியில் கிருமி இல்லை என்று சோதனை சொல்லுகிறது. அட்டையில் 'குணம்' என்று எழுதுகிறார்கள். மறுநாள் பெரட்டில் அவர் பெயர் வாசிக்கப்படுகிறது. அதே நிரை, அதே மேடு, அதே வாளி. பாதி மரம் வெட்டுவதற்குள் மூச்சு முட்டுகிறது. "நோய்தான் போய்விட்டதே, இன்னும் என்ன நடிப்பு?" என்று கேட்கிறது நிர்வாகம்.

நாம் திருப்பிக் கேட்கிறோம்: நோய் போய்விட்டது, சரி. நோய் தின்ற நுரையீரல் திரும்பி வந்துவிட்டதா?

பால்மரத்தை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கத்தி ஆழமாகப் பாய்ந்து மரத்தில் காயம் பட்டால், அந்த இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளருகிறது. மரம் சாவதில்லை, ஆனால் அந்தப் பட்டையில் முன்போல் வெட்டவும் முடியாது. காயத்தை எண்ணிக் கணக்கெழுத நிர்வாகத்துக்குத் தெரியும். மரத்தின் காயத்துக்குக் கணக்குண்டு; மனிதன் நெஞ்சிலுள்ள காயத்துக்குக் கணக்கில்லையா?

நெஞ்சுக்குள் நடப்பது

காசக்கிருமி நுரையீரலில் குழி பறிக்கிறது. மருந்து கிருமியைக் கொல்லுகிறது, குழியைத் தூர்ப்பதில்லை. ஆறிய இடம் தழும்பாகிச் சுருங்குகிறது. சில மூச்சுக்குழாய்கள் ஒடுங்குகின்றன. சில விரிந்து சளி தேங்கும் பள்ளங்களாகின்றன. இருமல் நிற்பதில்லை; மேடேற மூச்சு போதவில்லை. இது சோம்பலும் அல்ல, நடிப்பும் அல்ல.

இதை நாமாகச் சொல்லவில்லை. 2019 ஜூலையில் தென்னாப்பிரிக்காவின் ஸ்டெல்லன்போஷ் நகரில் பல நாட்டு மருத்துவர்கள் கூடி, காசநோய்க்குப் பின்வரும் இந்த நுரையீரல் கேட்டுக்கு இலக்கணம் வகுத்தார்கள். சிகிச்சை முடிந்த ஒவ்வொருவரையும் இந்தக் கேடு உண்டா என்று பரிசோதிக்க வேண்டும் என 2021இல் வெளியான மருத்துவ நெறிகள் கூறின.

அந்த நாட்டுத் தங்கச் சுரங்கத் தோழர்களைப் பாருங்கள். 27,660 சுரங்கத் தொழிலாளரின் மூச்சை அளந்த ஆய்வு ஒன்று 2000ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஒரு முறை காசநோய் கண்டவர்களில் நூற்றுக்கு 18.4 பேருக்கும், இரு முறை கண்டவர்களில் 27.1 பேருக்கும், மூன்று முறையோ அதற்கு மேலோ கண்டவர்களில் 35.2 பேருக்கும் மூச்சு நிலையாகக் குறைந்துபோயிருந்தது. அவர்கள் அத்தனை பேரும் 'சிகிச்சை முடிந்தது' என்று கணக்கெழுதப்பட்டவர்களே.

நம் நாட்டில் தேசியக் காசநோய்த் தடுப்புத் திட்டம் தொடங்கியது 1961இல். ஆறு பத்தாண்டுகள் கடந்தும் 2022இல் 25,000க்கு மேற்பட்டோருக்கு இந்நோய் பதிவாயிற்று. குணமானோரின் எண்ணிக்கையைப் பெருமையாகச் சொல்லுகிறார்கள். குணமானவர் எத்தனை படி ஏற முடிகிறது என்பதையும் யாராவது எண்ண வேண்டாமா?

மூச்சிழுப்பு மருந்து என்ன செய்யும்?

நம்மவர் 'பம்பு' என்று சொல்லும் இன்ஹேலர் மருந்து, வயிற்றைச் சுற்றாமல் நேரே மூச்சுக்குழாய்க்குப் போகிறது. சால்பூட்டமால் மாத்திரையில் 2 அல்லது 4 மில்லிகிராம் மருந்து உண்டு. பம்பில் ஒரு இழுப்புக்கு 100 மைக்ரோகிராம்தான். அதாவது மாத்திரையின் இருபதில் அல்லது நாற்பதில் ஒரு பங்கு. மருந்து குறைவு, கை நடுக்கமும் நெஞ்சுப் படபடப்பும் குறைவு.

தென் கொரியாவில், காசநோயால் நுரையீரல் சிதைந்து மூச்சுக்குழாய் ஒடுங்கியவர்களுக்கு இண்டாகாட்டெரால் என்ற மருந்தை இழுக்கக் கொடுத்து, மருந்தில்லாத போலி இழுப்புடன் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மருந்து இழுத்தவர்களின் மூச்சளவு உயர்ந்தது. நெடுநேரம் வேலை செய்யும் இன்னொரு மருந்தான டையோட்ரோபியம் 2019இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்ந்தது. இவை பணக்காரரின் ஆடம்பரப் பொருள்கள் அல்ல.

ஆனால் தோழர்களே, பொய் நம்பிக்கை விற்பது தொழிற்சங்கப் பத்திரிகையின் வேலையல்ல. பம்பு தழும்பை அழிக்காது. மூச்சுக்குழாய் ஒடுங்கியவர்களுக்கே அது உதவும். நுரையீரல் சுருங்கிப்போனவருக்கு அதனால் பெரும்பலன் இல்லை. யார் எந்த வகை என்பதை ஊதிப் பார்க்கும் மூச்சுச் சோதனைதான் காட்டும். ஸ்டீராய்டு கலந்த பம்பு நிமோனியாவுக்கு வழி திறக்கக்கூடும்; காசம் மீண்டும் தலையெடுக்கும் அபாயமும் சொல்லப்படுகிறது. ஆகவே பக்கத்து வீட்டுக்காரரின் பம்பை இரவல் வாங்கி இழுக்காதீர்கள். இருமலில் இரத்தம் வந்தால், காய்ச்சல் கண்டால், உடல் மெலிந்தால் முதலில் சளிச் சோதனை, பம்பு பிறகு.

பம்பை அழுத்தும்போதே மெல்ல ஆழமாக இழுக்க வேண்டும். பிறகு பத்து விநாடி மூச்சை அடக்க வேண்டும். இது கைவராதவர்க்கு இடையில் வைக்கும் குழல் உதவும். விலைகொடுத்து வாங்கும் குழலுக்கு ஈடாக, 500 மில்லிலிட்டர் பிளாஸ்டிக் பானப் புட்டியில் செய்த குழலும் ஆஸ்துமாக் குழந்தைகளுக்குப் பயன்பட்டது என்று 1999இல் கேப்டவுன் மருத்துவர்கள் காட்டினார்கள். 'செலவு, செலவு' என்று புலம்புவோர் இதைக் கேட்கட்டும்!

சாக்குப்போக்குகளும் பதிலும்

"புகைபிடித்ததால் வந்தது" என்பார்கள். புகையை விடவேண்டியதுதான்; நாமும் அதையே வற்புறுத்துகிறோம். ஆனால் சிகரெட்டைத் தொடாத பெண் தொழிலாளிக்கும் காசத்துக்குப் பின் மூச்சு முட்டுகிறதே, அதற்கு என்ன பதில்?

"வயதாகிவிட்டது" என்பார்கள். வயதா, தழும்பா என்பதைச் சோதித்துப் பார்த்தல்லவா சொல்ல வேண்டும்?

"இந்த மருந்துகளைப் பற்றி ஆராய்ச்சி போதவில்லை" என்று படித்தவர் சிலர் சொல்லுவார்கள். உண்மைதான், போதவில்லை. ஏன் போதவில்லை? நோயாளி ஏழை என்பதால்! காசநோயாளி வீட்டிலிருந்தே மருந்துண்டு குணமடையலாம் என்பதை 1959இல் உலகுக்குக் காட்டியது மதராஸ் ஆராய்ச்சி நிலையம். அதற்கு உடம்பைக் கொடுத்தவர்கள் அந்நகரத்து ஏழைகள். உலகுக்குப் பாடம் ஏழையின் உடம்பிலிருந்து. ஏழையின் மிச்சக் கேட்டுக்கு மட்டும் ஆராய்ச்சி இல்லையா?

நாம் கேட்பது

ஒன்று: காச சிகிச்சை முடிகிற ஒவ்வொரு தொழிலாளிக்கும் சளிச் சோதனையோடு மூச்சுச் சோதனையும் நடக்க வேண்டும்.

இரண்டு: மருத்துவர் எழுதும் பம்பும் குழலும் மாதந்தோறும் தட்டின்றிக் கிடைக்க வேண்டும். மூச்சுப் பயிற்சியும் கற்றுத்தர வேண்டும்.

மூன்று: மூச்சு குறைந்தவருக்குக் கூலி குறையாத இலேசான வேலை தரவேண்டும். அவரைப் புகைக்கூடத்துக்கும், அமோனியாவும் திராவகமும் நெடியடிக்கும் இடத்துக்கும் அனுப்பக்கூடாது.

நான்கு: இவ்வுரிமை எல்லாத் தொழிலாளருக்கும் வேண்டும். இந்தோனேசியர், வங்காளதேசத்தவர், தமிழர் என்று கிருமி பேதம் பார்ப்பதில்லை. நாமும் பார்க்கலாகாது.

இவை பிச்சையல்ல. மருத்துவ வசதி முதலாளியின் கடமை என்று 1990ஆம் ஆண்டின் குறைந்தபட்ச வீட்டுவசதிச் சட்டம் சொல்லுகிறது. பணிவருடத்தைப் பொறுத்து ஆண்டுக்கு 14 முதல் 22 நாள் வரை சம்பளத்துடன் நோய் விடுப்பை வேலைச் சட்டம் தருகிறது. நிரந்தரக் கேட்டினால் வழக்கமான வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குகூடச் சம்பாதிக்க இயலாதவர், வயதும் சந்தாவும் பொருந்தினால், பெர்கேசோவில் ஊனமுற்றோர் ஓய்வூதியம் கேட்கலாம். 'குணம்' என்று எழுதிய அட்டை மட்டும் கையிலிருந்தால் அந்தக் கேட்டை எதைக் கொண்டு நிரூபிப்பது? மூச்சுச் சோதனைத் தாள் அந்த வாதத்துக்கு ஆதாரம்!

தென்னாப்பிரிக்கச் சுரங்கத் தொழிலாளரைத் திரும்பவும் நினையுங்கள். கல்தூசி நோய்க்கும் காசநோய்க்கும் நட்டஈடு கேட்டு அவர்கள் நீதிமன்றம் ஏறினார்கள். 2018இல் தங்கச் சுரங்கக் கம்பெனிகள் உடன்படிக்கைக்கு இறங்கி வந்தன. கம்பெனிகளின் மனம் தானாக இளகவில்லை. தொழிலாளர் ஒன்றுபட்டதால் இளகிற்று.

கிராணிமாரே! நீங்களும் தொழிலாளர்களே. விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுங்கள். சோதனைத் தாளின் நகலைக் கோப்பில் வையுங்கள். "வேலைக்கு மட்டம்" என்று எழுதுமுன் ஏன் என்று கேளுங்கள்.

கிளைச் செயலாளர்களே! உங்கள் தோட்டத்தில் காசம் கண்டு மீண்டவர் எத்தனை பேர், அவர்களில் மூச்சுச் சோதனை செய்துகொண்டவர் எத்தனை பேர் என்று வீடு வீடாகப் போய்ப் பட்டியல் எடுங்கள். அடுத்த பேச்சுவார்த்தை மேசையில் அந்தப் பட்டியல் இருக்கட்டும்!